பூஜ்யம்னு சொல்லுங்க டீச்சர்

ஜூடி டீச்சரிடம் யாராவது வந்து "இது கண்டிப்பா நடக்காதுல்ல?" என்று கேட்டால், "கண்டிப்பா" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. "பெரும்பாலும் நடக்காது" என்பாள். கல்யாணமான புதிதில் ஜோ ஆசையாக, "என்னை விட்டுட்டுப் போயிட மாட்டியே?" என்று கேட்டதற்கு, "வாய்ப்பு ரொம்பக் கம்மி" என்று பதில் சொன்னவள் அவள். ஜோ அதைச் சொந்தக்காரர்கள் கூடும் இடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறான். அவளுக்கு மட்டும் அதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று இன்றுவரை விளங்கவில்லை.

அவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தினாள். பள்ளிக்கூடம் திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி இருந்தது. சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எந்நேரமும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சாலைக்கு அந்தப்புறம் மீனவக் குப்பம், கொஞ்சம் மணல், கடல். மாடி வகுப்பறை ஜன்னலில் இருந்து பார்த்தால் லாரிகளின் தலைக்கு மேலே கரையில் ஏற்றி வைத்த படகுகள் தெரியும்.

திங்கட்கிழமை வகுப்பில் முதல் பத்து நிமிடம் செய்திக்கு. யாராவது ஒருவர் அறிவியல் செய்தி ஒன்று கொண்டுவர வேண்டும். அதைப் பாடத்தில் படித்த ஏதாவது ஒன்றோடு வகுப்பு முடிச்சுப் போட வேண்டும். வேறொரு நட்சத்திரத்திடமிருந்து வந்த வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகிறது என்று ஒருத்தன் கொண்டுவந்தபோது, அது ஏன் இங்கேயே தங்கவில்லை என்று விடுபடு வேகத்தை வைத்து அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். ஜூடிக்கு அந்தச் சண்டைகள்தான் வாரம் முழுவதற்குமான சந்தோஷம்.

நவம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை மதி என்ற பெண் இயற்பியல் நோபல் பரிசுச் செய்தியைக் கொண்டுவந்தாள். அக்டோபரிலேயே அறிவித்த பரிசு. அணுவுக்குள் மட்டும் நடக்கும் என்று நினைத்திருந்த ஒரு விந்தை, கையில் பிடிக்கிற அளவு மின்சுற்றிலும் நடக்கிறது என்று காட்டியவர்களுக்குக் கொடுத்தது.

"இது நாம படிச்ச எதோட சேரும்?" என்று கேட்டாள் ஜூடி.

"ஆல்ஃபா சிதைவு மிஸ்" என்றான் பகலவன்.

"கரெக்ட். உட்கருவுக்குள்ள மாட்டிக்கிட்ட ஆல்ஃபா துகளுக்கு அந்தத் தடையை ஏறித் தாண்டற ஆற்றல் கிடையாது. ஆனாலும் ஒரு நாள் பார்த்தா வெளிய நிக்கும். ஏறியும் வரலை, இடிச்சும் வரலை. தடைக்கு இந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கம் இருக்கு. இதுக்குப் பேரு ஊடுருவல்."

"அப்ப பெரிய சாமான் எதுனா சுவத்தைத் தாண்டுமா மிஸ்?" என்றான் அவன் மறுபடி.

வேறு வாத்தியாராக இருந்தால் "போடா" என்றிருப்பார். ஜூடி யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். லாரிகளுக்கு அப்பால் மணலில் ஒரு நீல நிறப் படகு மூக்கை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

"அதோ அந்த நீலப் போட்டையே எடுத்துக்கோ. அது நம்ம காம்பவுண்டு சுவரைத் தாண்டி உள்ள வர்றதுக்கு, கணக்குப்படி வாய்ப்பு பூஜ்யம் இல்ல. ஆனா பிரபஞ்சத்தோட வயசைப் போல கோடானுகோடி மடங்கு காத்திருந்தாலும்..."

மணி அடித்துவிட்டது. 'ஆனா'வுக்குப் பிறகு வந்ததை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் புயல் வந்தது. கரையைத் தொடாமல் கடலிலேயே சுற்றிச் சுற்றி மழையாகக் கொட்டித் தீர்த்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். தண்ணீர் வடிந்து பள்ளி திறந்த அன்று காலையில் ஜூடி கேட்டுக்குள் நுழைந்தபோது, மொத்தப் பள்ளிக்கூடமும் மைதானத்தில் வட்டமாக நின்றது. நடுவில் நீலப் படகு. பின்பக்கம் காம்பவுண்டு சுவரை ஒட்டினாற்போல, தூங்கும் நாய்க்குட்டி மாதிரி அமைதியாகக் கிடந்தது.

பள்ளிக்கூடத்துக்குக் கேட் என்று இருந்தது ஒரே ஒரு சின்ன இரும்புக் கேட். சாலையை அகலம் பண்ணினபோது பழைய பெரிய கேட் போய்விட்டது. புதிதாக எழுப்பின சுவரில் ஆட்டோகூட நுழைய முடியாத அளவுக்குத்தான் வழி விட்டிருந்தார்கள். படகோ அந்தக் கேட்டைப் போல ஒன்றரை மடங்கு அகலம். சுவரில் ஒரு கீறல் இல்லை.

வட்டமாக நின்ற கூட்டம் படகைப் பார்த்தது. அப்புறம் மெல்லத் திரும்பி ஜூடியைப் பார்த்தது.

"மிஸ்," என்றாள் மதி, கண்ணெல்லாம் பளபளக்க, "பிரபஞ்சத்தோட வயசெல்லாம் தேவைப்படலை மிஸ். ஒரே வாரம்."

தலைமை ஆசிரியர் மேத்யூ ஓடிவந்தார். படகை அவர் கண்டுகொள்ளவே இல்லை. நேரே சுவரிடம் போய்த் தடவித் தடவிப் பார்த்தார். அந்தச் சுவரை எழுப்ப அவர் ஏறி இறங்காத ஆபீஸ் கிடையாது. "ஒண்ணும் ஆகலை," என்று பெருமூச்சு விட்டார். "ஒண்ணுமே ஆகலை."

அவர் நிம்மதியில் சொன்னது. கூட்டம் அதை அத்தாட்சியாக எடுத்துக்கொண்டது.

மதியம் படகுக்காரன் தவசிமுத்து வந்தான். கறுத்து, உயரமாக, எப்போதும் யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு முகம். புயலின்போது அவன் ஊரில் இல்லை. பழவேற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போனவன், ரோட்டில் தண்ணீர் நின்றதால் அங்கேயே மாட்டிக்கொண்டான். குப்பத்தில் மற்றவர்களெல்லாம் புயலுக்கு முன்பே தங்கள் படகுகளைக் காசிமேடு துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். கரையில் தனியாக நின்றது இவனுடையது மட்டும்தான்.

"யாரு இங்க ஜூடி டீச்சர்?" என்றான்.

"நான்தான்."

"நீங்கதான் என் போட்டைக் காட்டி, இது சுவத்தைத் தாண்டும்னு பசங்களாண்ட சொன்னீங்களாமே. மெய்யா?"

"தாண்டும்னு சொல்லலைங்க. வாய்ப்பு பூஜ்யம் இல்லன்னு..."

"சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்பால இன்னாத்துக்குப் பேச்சு? போட்டு வந்துச்சு. சரி. என் இன்ஜின் எங்க கீது?"

அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். படகு வெறும் கூடாகத்தான் வந்திருந்தது. பின்பக்கம் இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கரையிலும் இல்லை. தவசிமுத்து படகிலிருந்து சுவர்வரை கண்ணை ஓட்டினான். கூட்டமும் ஓட்டியது. வாயைத் திறந்து சொன்னது யார் என்று பிறகு எவ்வளவு விசாரித்தும் தெரியவில்லை.

"இன்ஜின் சுவத்துக்குள்ளயே நின்னுடுச்சு!"

அடுத்த நாள் தவசிமுத்து லாரி ஸ்டாண்டிலிருந்து மெக்கானிக் இக்னேஷியஸைக் கூட்டிக்கொண்டு வந்தான். இக்னேஷியஸ் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் சுவரில் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடினார். ஓடுகிற இன்ஜினில் எந்த பேரிங் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர் செய்வது அது. சுவர் முழுக்க ஒவ்வொரு அடியாக வைத்துக் கேட்டுக்கொண்டே போய், தண்ணீர்த் தொட்டி அருகில் நின்றார்.

"கீது," என்றார். "கார்புரேட்டர் இந்தாண்ட, புரொப்பல்லர் அந்தாண்ட. தலைகீழா மாட்டிக்கினு கீது."

தவசிமுத்து அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டான். மேத்யூ சார் அதைத் தன் கைக்குட்டையால் அழித்தார். அவன் மறுபடி போட்டான்.

புகார் என்று ஒன்று போனதால் எஸ்.ஐ. அன்பரசன் வந்தார். ஜூடிக்கு அவரைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது, பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவர் ஜூடியைத் தனியாக ஆய்வகத்துக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேஜைமேல் இருந்த முப்பட்டகத்தைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே பேசினார்.

"மேடம், எனக்கு குவாண்டம் பேப்பர் மட்டும் மூணு தடவை அரியர். அதனாலதான் போலீசுக்கு வந்தேன். இருந்தாலும் எனக்குத் தெரியும், இதெல்லாம் நடக்கற காரியம் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், நான் இதைத் திருட்டுன்னு எழுதிட்டுப் போயிடுவேன். படகு சுவரைத் தாண்ட வாய்ப்பு பூஜ்யம். இதைச் சொல்லுங்க."

"பூஜ்யத்துக்கு ரொம்ப ரொம்பப் பக்கத்துல," என்றாள் ஜூடி.

"பக்கத்துல வேணாம் மேடம். பூஜ்யம்."

"சார், பூஜ்யம்னு சொன்னா நான் நடத்தின பாடம் தப்புன்னு ஆயிடும். ஒரு புள்ளிக்கு அப்புறம் பூஜ்யமா எழுதிக்கிட்டே போனா, உங்க ஸ்டேஷன்ல இருக்கற பேப்பர் பூரா தீர்ந்தாலும், கடைசியில ஒரு ஒண்ணு வரும்."

"வருமா?"

"வரும்."

அன்பரசன் முப்பட்டகத்தை வைத்துவிட்டார். "நான் கோர்ட்டுல நிப்பேன் மேடம். எதிர்த் தரப்பு வக்கீல் உங்களைக் கூண்டுல ஏத்தி இதே கேள்வியைக் கேப்பான். நீங்க அந்தக் கடைசி ஒண்ணைச் சொல்லுவீங்க. திருடன் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவான்." அவர் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, கேஸ் எதுவும் எழுதாமல் போய்விட்டார்.

போலீஸே ஒப்புக்கொண்டது என்று சேதி பரவியது. இரண்டே நாளில் கேட்டுக்கு வெளியே ஆட்கள் காத்து நிற்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி, ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கும் தன் புருஷன் பைக்கை மட்டும் வெளியே எடுத்துத் தர முடியுமா, சின்ன வண்டிதான் என்றாள். ஒரு கிளியரிங் ஏஜென்ட் வந்து, தன் கன்டெய்னர் கஸ்டம்ஸில் மாட்டியிருக்கிறது, உள்ளே பீங்கான் சாமான், உடையாமல் வருமா என்று விசாரித்தார். லாரிக்காரர்கள் சார்பில் வந்தவர் ரொம்ப நாகரிகமாகப் பேசினார்.

"டீச்சரம்மா, துறைமுகத்துல கேட்டு வழியாப் போவணும்னா நாள்கணக்கா ரோட்ல நிக்கறோம். அதே சுவத்து வழியா வுட்டா பேஜாரே இல்ல பாருங்க. மேலிடத்துல பேச வேண்டியதை நாங்க பேசிக்கறோம். நீங்க எந்த இடத்துல இடிக்காம போவலாம்னு மட்டும் காட்டுங்க."

ஜூடி ஒவ்வொருவருக்கும் ஆல்ஃபா துகளில் தொடங்கி விளக்கினாள். நிறை கூடக் கூட வாய்ப்பு எப்படி அதலபாதாளத்துக்குப் போகிறது என்று தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினாள். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அப்ப சான்ஸ் கீதுன்றீங்க?"

"...இருக்கு," என்பாள் அவள், அழாத குறையாக.

பள்ளிக்குள் பிள்ளைகள் சுவரில் மோத ஆரம்பித்தார்கள். மெதுவாகப் போனால் தடுக்கும், வேகமாகப் போனால் ஆற்றல் அதிகம் என்று பகலவன் விளக்கம் சொன்னான். நெற்றி வீக்கத்தோடு பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தார்கள். 'பள்ளி வளாகத்தில் எவரும் எந்தச் சுவரிலும் மோதக் கூடாது' என்று மேத்யூ சார் கரும்பலகையில் எழுதிப் போட்டார். ஆசிரியர்கள் அறையில் அவளிடம், "பதினேழு வருஷமா பாடம் நடத்தறீங்க. ஒருத்தனும் காது குடுத்துக் கேட்டதில்ல. இந்த ஒரு நாள் ஏன் கேட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

தவசிமுத்து திங்கட்கிழமை காலையில் சுவரை உடைத்து இன்ஜினை எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜூடி நேரே குப்பத்துக்குப் போனாள். சம்மட்டியைத் தூக்கவிடாமல் அவனிடம் எப்படியாவது பேசிப் பார்க்கலாம் என்று நினைப்பு. தவசிமுத்து உள்ளறையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். அவன் மனைவி ரோசி வாசலருகே வலையில் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஜூடிக்கு நாற்காலி போட்டாள்.

உள்ளேயிருந்து தவசிமுத்து சத்தமாகச் சொன்னான்: "சுவரே, டீச்சர் வந்துகீறாங்கோ. டீ போடச் சொல்லு."

ரோசி நிமிராமல் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "சுவரே, அடுப்புல ஏற்கெனவே கொதிக்குதுன்னு சொல்லு."

ஜூடிக்கு ஒன்றும் புரியவில்லை. டீயைக் கொண்டுவந்து கொடுத்தபோது ரோசியே தாழ்ந்த குரலில் சொன்னாள். புயலுக்கு முன்னால் ஒரு நாள் அவள் நண்டுக் குழம்பு வைத்திருக்கிறாள். அவள் அண்ணன் சாப்பிட வந்திருந்தான். அவன் எதிரிலேயே தவசிமுத்து, "இன்னா இருந்தாலும் எங்க அக்கா வைக்கிற மாதிரி வராது" என்றிருக்கிறான். "அப்ப அங்கயே போய்த் துன்னு" என்றிருக்கிறாள் இவள். தவசிமுத்து உடனே பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறிவிட்டான். திரும்பி வந்ததிலிருந்து இருவருக்கும் நடுவில் சுவர்தான் பேசுகிறது.

ஜூடி டீயை ஆற்றிக்கொண்டே சும்மா கேட்டாள், பேச்சுக்குத்தான் கேட்டாள்:

"போட்டு எப்படி அங்க வந்துதுன்னு உங்களுக்கு எதாவது தெரியுமா?"

"தெரியுமே," என்றாள் ரோசி. "நான்தான் கொண்டாந்து வெச்சேன்."

ஜூடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அலை, கரை அரிக்காம கடலுக்குள்ள போட்டுகீற தூண்டில் வளைவுக் கல்லு மேல ஏறி அடிக்குது. போட்டு மட்டும் அநாதை மாதிரி நிக்குது. குப்பத்துல ஆம்பளைங்க எல்லாம் காசிமேட்டுல. நம்ம பச்சையம்மா இல்ல, ரோட்டோரம் லாரிக்காரங்களுக்கு இட்லி போடுமே, அதாண்ட போய் அழுதேன். அது போய்க் கேட்டுச்சு. வரிசையில நின்னுகினு இருந்த டிரைவருங்க, எல்லாம் இந்திக்காரங்க, இருபது பேரு இறங்கி வந்தாங்கோ. கார்ப்பரேஷன்காரங்க தண்ணி எறைக்க பம்பு எடுத்துகினு வந்ததுல உங்க கேட்டு தொறந்து கெடந்துச்சு. படுக்க வெச்சாங்க போட்டை, பக்கவாட்டுல. கீழ பழைய டயரைப் போட்டு உருட்டிகினு போய்ட்டாங்க."

பக்கவாட்டில். ஜூடி தலையில் கை வைத்துக்கொண்டாள். மொத்தப் பள்ளிக்கூடமும், போலீசும், அவளும் கூட, நிமிர்ந்து கிடக்கிற படகின் அகலத்தை மட்டுமே அளந்திருந்தார்கள்.

"இன்ஜின்?"

ரோசி தலையை உள்ளறைப் பக்கம் சாய்த்தாள். "கட்டிலுக்கு அடியில. தார்ப்பாய் சுத்தி வெச்சுகீறேன். அதுக்கு மேலதான் படுத்துகினு கீறாரு."

"ஏம்மா சொல்லலை? ஊரே ரெண்டுபட்டுக் கெடக்கு!"

"யாரு கேட்டா?" என்றாள் ரோசி, நிஜமான ஆச்சரியத்தோடு. "பசங்களைக் கேட்டாரு, போலீசைக் கேட்டாரு, மெக்கானிக்கை இட்டாந்து சுவத்தைக் கேட்டாரு. வூட்ல ஒருத்தி கீறாளே, அவளைக் கேட்டாரா? நீங்கதான் டீச்சர் மொத மொத கேட்டீங்க. பச்சையம்மா மாதிரி நீங்களும் யாராண்டயும் சொல்லக் கூடாது. என் மேல ஆணை. அவரு வாயால 'ரோசி'ன்னு கூப்ட்டு என்னைக் கேக்கட்டும்."

திங்கட்கிழமை காலையில் மைதானம் நிறைந்துவிட்டது. குப்பம் வந்திருந்தது, லாரிக்காரர்கள் வந்திருந்தார்கள், கிளியரிங் ஏஜென்ட் வேறு இரண்டு ஏஜென்ட்களைக் கூட்டி வந்திருந்தார். தவசிமுத்து சம்மட்டியோடு சாக்பீஸ் குறிக்கு எதிரே நின்றான். குறியின்மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து மேத்யூ சார் நின்றார். நடுவில் எஸ்.ஐ. அன்பரசன்.

"மேடம்," என்றார் அன்பரசன், கிட்டத்தட்டக் கெஞ்சலாக. "கடைசியாக் கேக்கறேன். இந்தச் சுவத்துக்குள்ள இன்ஜின் இருக்க வாய்ப்பு பூஜ்யம்னு சொல்லுங்க. சம்மட்டியை நான் வாங்கிக்கறேன்."

"சொல்லுங்க டீச்சர்!" என்று மேத்யூ சார் கத்தினார். "பூஜ்யம்னு சொல்லுங்க டீச்சர்!"

ஜூடி ரோசியைத் தேடினாள். கூட்டத்தின் ஓரத்தில் ரோசி பச்சையம்மாவோடு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். ஜூடி தவசிமுத்துவைப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலேயே வாயைத் திறந்தாள்.

"தவசிமுத்து அண்ணே, எந்த ஆராய்ச்சியா இருந்தாலும் முதல்ல வீட்ல இருக்கவங்களைக் கேட்டுடணும். போட்டைக் கடைசியா யார் தொட்டாங்கன்னு உங்க வீட்டம்மாவைக் கேளுங்க."

"அவளை இன்னாத்துக்குக் கேக்கணும்? சுவத்தைத் தாண்டறதுக்கும் அவளுக்கும் இன்னா சம்மந்தம்?"

"கேளுங்க. தெரிஞ்சிடும்."

"கேட்டா தெரிஞ்சிடுமா?"

"கண்டிப்பா," என்றாள் ஜூடி.

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில் முதலில் திகைத்தது வகுப்புப் பிள்ளைகள்தான். மதி பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளினாள். அன்பரசன் தொப்பியைக் கழற்றினார்.

தவசிமுத்து சம்மட்டியை இறக்கினான். தொண்டையைக் கனைத்தான். பழக்க தோஷம், எதிரே இருந்த சுவரையே பார்த்து ஆரம்பித்தான்: "சுவரே, போட்டைக் கடைசியா யார் தொட்டதுன்னு கேட்டுச் சொல்லு."

"என் சுவரை ஏன்யா இதுல இழுக்கற!" என்றார் மேத்யூ சார்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ரோசியின் குரல் கணீரென்று வந்தது. "கேக்கறவரு மூஞ்சியைத் திருப்பிக் கேக்கச் சொல்லு."

தவசிமுத்துவின் கழுத்து முதலில் திரும்பியது, அப்புறம் தோள், அப்புறம் பாதங்கள். அவளை அவன் நேருக்கு நேர் பார்த்தான்.

"ரோசி," என்றான். ஒரு சின்னப் பையன் குரல் மாதிரி வந்தது. "போட்டை யாரு தொட்டா?"

"நான்தான்யா தொட்டேன்," என்றாள் அவள். அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து அழுகையாகப் பொங்கிவிட்டது. "வுட்டுட்டுப் போனியே, கடல் எடுத்துகினு போவட்டும்னு வுடச் சொல்றியா?"

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டயர், டிரைவர்கள், பக்கவாட்டு, கட்டில். பச்சையம்மா நடுநடுவே "ஆமாம்" போட்டாள். மெக்கானிக் இக்னேஷியஸ் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி நழுவினார். தவசிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அதான் முதுகு வலிச்சுகினே கீதா," என்றான்.

கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம். கிளியரிங் ஏஜென்ட் மட்டும் விடாமல் ஜூடியிடம் வந்து, "இது இல்லன்னு ஆயிடுச்சு, சரி. ஆனா பொதுவா..." என்று இழுத்தார். அன்பரசன் அவர் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

படகை வெளியே எடுப்பது உள்ளே வந்த அளவுக்கு எளிதாக இல்லை. பக்கவாட்டில் படுக்க வைத்து இழுத்தார்கள். வந்தபோது இந்திக்கார டிரைவர்கள் ஒரே குரலில் இழுத்தார்கள். இப்போதோ யோசனை சொல்ல ஐம்பது பேர். படகு பாதி கேட்டுக்கு உள்ளே, பாதி சாலையில் என்று சிக்கிக்கொண்டது. காலைப் பிரார்த்தனை மணி அடித்தும் வெளியில் இருந்த பிள்ளைகள் உள்ளே வர முடியவில்லை. சாலையில் எண்ணூர் வரைக்கும் லாரி நின்றது. மேத்யூ சார் படகின் மேல் ஏறிக் குதித்து வந்து, சுவர் ஓரத்தில் உராய்கிறது, ஒரு விரற்கடை இடதுபுறம் தள்ளு என்று உத்தரவு போட்டார். கடைசியில் ஜூடி பிள்ளைகளைக் கூப்பிட்டு, நிறை மையம் எங்கே இருக்கிறது, எந்த முனையைத் தூக்கினால் திரும்பும் என்று கேட்டாள். சண்டை போட்டுத்தான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முடிவு தப்பு. இரண்டாவது முடிவில் படகு கிரீச்சென்று திரும்பி வெளியே வந்து சாலையில் விழுந்தது.

இன்ஜினை மாட்டி, படகைத் தண்ணீரில் தள்ளும்போது மதியமாகிவிட்டது. கடல் அடங்கியிருந்தது. இன்ஜின் ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு சுற்றுப் போய் வரவேண்டும் என்றான் தவசிமுத்து. முழங்கால் வரை நனைந்து நின்ற ஜூடியை ரோசி கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏறு டீச்சர். போட்டுல போயிருக்கியா எப்பனா?"

போனதில்லை. பதினேழு வருஷமாக அலைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். அலைநீளம், வீச்சு, அதிர்வெண் எல்லாம் கரும்பலகையில் அழகாக வளைத்துப் போடுவாள். அதன்மேல் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஏறினாள்.

முதல் அலை தாண்டியதும் காலையில் சாப்பிட்ட இட்லி நெஞ்சுக்கு வந்தது. படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவள் முதுகை ஒரு கையால் தடவிக்கொண்டே ரோசி, இன்ஜின் பக்கம் திரும்பித் தவசிமுத்துவிடம் உரக்கக் கேட்டாள்:

"மெய்யா சொல்லு. உங்க அக்கா அன்னிக்கு நண்டு வெச்சாளா இல்லியா?"

"வெச்சா."

"எப்படி இருந்துச்சு?"

தவசிமுத்து இன்ஜின் சத்தத்தில் கேட்காத மாதிரி கடலைப் பார்த்தான். ரோசி விடவில்லை. எழுந்து நின்று கேட்டாள். அவன், "குந்து, கவுந்துடப் போவுது" என்று கத்தினான். "பதில் சொல்லு, குந்தறேன்" என்று அவள் கத்தினாள். இரண்டு பேரும் ஜூடியின் தலைக்கு மேலே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கரைக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டே இருந்தார்கள்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க," என்றான் தவசிமுத்து, தப்பிக்கிற அவசரத்தில். "போட்டு கவுந்துடாதே?"

ஜூடி வாயைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்ல நிமிர்ந்தாள். அதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது.